வழிகாட்டிக்குக் கூலி கொடுப்பவர் யார்?



நமக்கு மிக நெருங்கிய ஒரு சகோதரர், திருச்சிப் பக்கம் ஒரு தனியார் தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் உழைத்து 58-ஆம் வயதில் ஓய்வு பெற்றார். பிராவிடண்டு பண்டு, கிராஜுவிடி, லீவுச் சம்பளம் எல்லாம் சேர்த்து 30 இலட்ச ரூபாய் கைக்கு வந்தது. ஒரு வேளைத் தொழுகையைக் கூடத் தவற விடாதவர். கடன் என்று ஒருவர் வாசலில் போய் நின்றவர் அல்லர்.

பணம் வந்த மூன்றாம் நாளே அவருடைய வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வங்கியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் வந்து, "பாய், 4 இலட்சம் போடுங்கள், பாதுகாப்பான பணம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். அது டெபாசிட் அல்ல, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசி என்பது அடுத்த ஆண்டு நோட்டீஸ் வந்த பிறகே தெரிந்தது. பிறகு தூரத்து உறவினர் ஒருவர் வந்தார். "மச்சான், இது வட்டி இல்லை, ஹலாலான இலாபம்" என்று 15 இலட்சம் வாங்கிப் போனார். மாதம் 45,000 ரூபாய் வீதம் ஒன்பது மாதங்கள் வந்தது. பத்தாம் மாதம் பணமும் வரவில்லை, தொலைபேசியை எடுக்கவும் ஆளில்லை. மகளின் நிக்காஹுக்கு 8 இலட்சமும், வீட்டைச் செப்பனிட 3 இலட்சமும் போயின. இன்று 62 வயதில் அந்தச் சகோதரர் ஒரு கடைவளாகத்தில் இரவுக் காவலராக இருக்கிறார்.

ஒரு நாள் சுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளித் திண்ணையில் அமர்ந்தபோது அவர் சொன்னார்: "ஹஜ்ரத், தொழுகையில் சந்தேகம் வந்தால் உங்களிடம் கேட்டேன். உடம்புக்கு வந்தால் டாக்டரிடம் கேட்டேன். இந்தப் பணத்தைப் பற்றி மட்டும், விற்க வந்தவனிடமே கேட்டு விட்டேன்."

அவர் நம்மிடமும் கேட்டார் என்பதை இங்கே மறைக்கக் கூடாது. பணத்தைக் கொடுப்பதற்கு முதல் நாள் வந்து, "கொடுக்கலாமா?" என்றார். நாம், "அந்த ஆள் தொழுகையாளிதானே? இன்ஷா அல்லாஹ் நல்லபடியே நடக்கும், துஆச் செய்கிறோம்" என்று சொல்லி அனுப்பினோம். ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் ஆவார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, தெரியாத விஷயத்தில் தெரிந்தவர்போல் பதில் சொன்ன குற்றம் நம்முடையது. அந்தக் குற்றமே இதை எழுதச் சொல்கிறது.

சகோதரர்களே! ஒருவர் தொழுகையாளி என்பதைக் கொண்டு மட்டும் பண விஷயத்தில் அவரை எடை போட முடியுமா? ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களிடம் ஒரு மனிதருக்கு இன்னொருவர் நற்சான்று கூற வந்த செய்தியை நம் முன்னோர் எடுத்துச் சொல்வார்கள். நீர் அவருக்கு அண்டை வீட்டுக்காரரா, அவருடன் பிரயாணம் செய்திருக்கிறீரா, அவருடன் தீனாரிலும் திர்ஹமிலும் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறீரா என்று உமர் (ரலி) கேட்டார்கள். மூன்றுக்கும் "இல்லை" என்றே பதில் வந்தது. அப்படியானால் பள்ளிவாசலில் அவர் தலையைத் தாழ்த்துவதையும் உயர்த்துவதையும் மட்டுமே பார்த்திருப்பீர் போலும். அவரை நீர் அறியமாட்டீர் என்று திருப்பி அனுப்பி விட்டார்கள். அந்தக் கேள்வியை அன்று நாம் கேட்டிருந்தால்!

"அல்லாஹ் பார்த்துக் கொள்வான், கணக்குப் போட்டுக் கொண்டிருப்பது தவக்குலுக்கு மாறானதல்லவா?" என்று சிலர் கேட்பதுண்டு. யூஸுப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரின் கனவுக்கு விளக்கம் சொன்னபோது என்ன சொன்னார்கள்? செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமித்து வையுங்கள், பின்னால் வரும் ஏழு பஞ்ச ஆண்டுகளுக்கு அது உதவும் என்றார்கள். களஞ்சியத்தின் பொறுப்பைத் தம்மிடம் தருமாறு கேட்டபோதும், தாம் பேணிப் பாதுகாப்பவர் என்பதையும், அறிந்தவர் என்பதையும் சேர்த்தே கூறினார்கள். பேணுதல் மட்டும் இருந்து அறிவு இல்லையென்றாலும், அறிவு மட்டும் இருந்து பேணுதல் இல்லையென்றாலும் களஞ்சியம் நிலைக்காது.

ஓய்வு பெற்றவரின் கணக்கைச் சற்றுப் பாருங்கள். குடும்பச் செலவு மாதம் 25,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 3 இலட்சம். 30 இலட்சம் பத்து ஆண்டுகளுக்கு வரும் என்று மனம் சொல்லும். ஆனால் விலைவாசி நிற்காது. ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகி விடும். இன்று 25,000-இல் நடக்கும் வீட்டுக்கு அன்று 50,000 தேவைப்படும். இந்த ஏற்றத்தோடு கணக்கிட்டால், பெருக வழியின்றிப் பெட்டியில் கிடக்கும் 30 இலட்சம் எட்டே ஆண்டுகளில் கரைந்து போகும். ஆண்டுதோறும் ஜகாத்தும் கொடுப்பவருக்கு அதற்கு முன்பே கரையும். அப்போது அவருக்கு வயது 66. அவருடைய வீட்டாருக்கு இன்னும் குறைவு.

ஆகவே பணத்தைச் சும்மா வைத்திருந்தாலும் தேய்கிறது. தெரியாத கையில் கொடுத்தாலும் போகிறது. வட்டிக்குப் போடவோ மார்க்கம் தடுக்கிறது. மூன்று பக்கமும் அடைபட்டவராக ஒரு முஃமின் நிற்கும்போதுதான் அவருக்கு வழிகாட்டி தேவைப்படுகிறது. அந்த வழிகாட்டி எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்?

இதற்கு ஹிஜ்ரத்தின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. கி.பி. 622-இல் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களும் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, பாலைவனத்தில் பாதை காட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்போது முஸ்லிமாக இருக்கவில்லை. குறைஷிகளின் மதத்திலேயே இருந்தார். ஆனால் பாதை அறிவதில் கைதேர்ந்தவர். தங்கள் ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்து ஸவ்ர் குகைக்குக் கொண்டு வரும்படி சொன்னார்கள். சொன்னபடி வந்தார். எல்லாரும் போகும் பாதையை விட்டுக் கடற்கரை ஓரமாக அழைத்துச் சென்றார்.

அந்த நாட்களில் குறைஷிகள், பிடித்துக் கொடுப்பவருக்கு நூறு ஒட்டகங்கள் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். வழிகாட்டியின் கூலி எங்கே? நூறு ஒட்டகங்கள் எங்கே? ஆயினும் அவர் ஒரு பக்கத்துக் கூலியை மட்டுமே பெற்றார். எதிர்ப் பக்கத்துப் பரிசை நாடவில்லை.

இந்த நிகழ்ச்சியில் மூன்று அடையாளங்கள் கிடைக்கின்றன. வழிகாட்டி பாதையை அறிந்தவராக இருக்க வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பவராக இருக்க வேண்டும். அவருக்குக் கூலி நம்மிடமிருந்து மட்டுமே போக வேண்டும். அவர் நம் மார்க்கத்தவராக இருந்தால் நல்லதே, இல்லாவிட்டாலும் தடையில்லை.

நம் மக்கள் தவறுவது பெரும்பாலும் மூன்றாவது அடையாளத்தில்தான். "அவர் ஒரு பைசா வாங்காமல் யோசனை சொன்னார்" என்று பெருமையாகச் சொல்கிறோம். ஒரு பைசா வாங்காமல் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று கேட்பதில்லை. பாலிசியை விற்கும் ஏஜெண்டுக்குக் கம்பெனி கமிஷன் தருகிறது. மியூச்சுவல் பண்டை விற்கும் விநியோகஸ்தருக்கும் ஆண்டுதோறும் கமிஷன் உண்டு. அது நம் பணத்திலிருந்தே சப்தமில்லாமல் போகிறது. நூற்றுக்கு 1 ரூபாய் என்று வைத்துக் கொண்டாலும், 30 இலட்சத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய்; பத்து ஆண்டுகளில் 3 இலட்சம். அந்த ஏஜெண்டு மோசக்காரர் என்று நாம் சொல்லவில்லை. நேர்மையாகத் தொழில் செய்பவர் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர் வியாபாரி, ஆலோசகர் அல்லர். துணிக்கடைக்காரரிடம் போய், "எனக்குப் புதுத் துணி தேவையா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

நம் நாட்டில் இந்த இரண்டு வகையினரையும் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் 'செபி' என்ற அமைப்பு, 2013-ஆம் ஆண்டில் முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டு வந்தது. அந்த விதிகளின்படி பதிவு பெற்ற ஆலோசகர், தம்மை நாடி வந்தவரிடம் கட்டணம் வாங்கிக் கொண்டு யோசனை சொல்ல வேண்டும். அந்த யோசனைக்காகக் கம்பெனிகளிடம் கமிஷன் பெறக் கூடாது. அவருடைய பதிவு எண் 'ஐ.என்.ஏ.' என்ற எழுத்துக்களில் தொடங்கும். மியூச்சுவல் பண்டு விநியோகஸ்தரின் எண்ணோ 'ஏ.ஆர்.என்.' என்று தொடங்கும். முன்னவர் நம் கூலிக்காரர். பின்னவர் கம்பெனியின் கூலிக்காரர். பெயர்ப் பலகையில் இருவரும் 'நிதி ஆலோசனை' என்று போட்டிருக்கலாம். ஆகவே பலகையைப் பார்க்காமல் எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணும் பெயரும் செபியின் இணையதளத்துப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவு எண் இருப்பதாலேயே ஒருவர் திறமைசாலி ஆகிவிட மாட்டார்; ஆனால் அது இல்லாதவரிடம் பேச்சைத் தொடங்கவே வேண்டியதில்லை.

இத்தகைய ஆலோசகர்கள் எண்ணிக்கையில் குறைவு. சிற்றூர்களில் கிடைப்பது அரிது. பெருநகரில் இருக்கும் ஒருவரிடம் தொலைபேசியிலேயே பேசிக் காரியம் முடிக்கலாம். இரண்டு மூன்று பேரிடம் பேசிய பிறகு ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். முதற்பேச்சிலேயே தயங்காமல் கேளுங்கள்: "உங்களுக்கு யாரிடமிருந்து வருமானம் வருகிறது? உங்கள் கட்டணம் எவ்வளவு? நீங்கள் சொல்லும் திட்டத்தை நான் வாங்கினால் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ ஏதாவது கிடைக்குமா? எல்லாவற்றையும் எழுத்தில் தருவீர்களா?" நேர்மையாளர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். கட்டணத்தை வங்கி வழியாகவே செலுத்துங்கள். முதலீட்டுப் பணத்தை மட்டும் ஒருபோதும் ஆலோசகர் கையில் கொடுக்காதீர்கள். அது உங்கள் பெயரிலிருந்து நேராகத் திட்டத்துக்கே போக வேண்டும். வழிகாட்டி பாதையைக் காட்டுவார். மூட்டையை நாம்தான் சுமக்க வேண்டும்.

ஆலோசகர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். மாதச் செலவு, கடன், மருத்துவ வசதி, இன்னும் திருமணமாகாத பிள்ளைகள், உங்கள் துணைவியாரின் வயது ஆகியவற்றைக் கேட்காமலே ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்பவர், நாடி பிடிக்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியர்.

இனி, மார்க்கத்தின் பங்கு. ஆலோசகருக்கு நம் ஹலால், ஹராம் தெரியாமல் இருக்கலாம். அதை நாம்தான் முதலிலேயே சொல்ல வேண்டும்: வட்டி வேண்டாம், மது, சூதாட்டம் போன்றவற்றில் ஈடுபடும் கம்பெனிகள் வேண்டாம், ஆண்டுதோறும் ஜகாத்து உண்டு, நாற்பதில் ஒரு பங்கு, 30 இலட்சத்துக்கு 75,000 ரூபாய், ஹஜ்ஜுக்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும். இவற்றைச் சொன்னால்தான் அவர் போடும் கணக்கு ஒரு முஸ்லிம் குடும்பத்துக்குப் பொருந்தும். ஷரீஅத் நெறிப்படி பங்குகளைப் பொறுக்கி எடுக்கும் மியூச்சுவல் பண்டுகள் இந்தியாவிலேயே இருக்கின்றன. ஆனால் அவையும் பங்குகளே; ஏறும், இறங்கும். முதுமைப் பணம் முழுவதையும் அதில் கொட்டலாமா, எவ்வளவு போடலாம், வாடகை வரும் கடையோ வீடோ எந்த அளவுக்கு உதவும் என்பதெல்லாம் கணக்கறிந்தவர் சொல்ல வேண்டியவை.

அவர் எழுதித் தரும் திட்டத்தை எடுத்துக் கொண்டு பிறகு ஆலிமிடம் வாருங்கள். பிராவிடண்டு பண்டில் சேர்ந்த கூடுதல் தொகை, ஆயுள் முழுதும் மாதப் பணம் தரும் ஆன்யூட்டி, இன்ஷூரன்ஸ் இவற்றைப் பற்றி அவரிடம் கேளுங்கள். "இது ஆகுமா?" என்ற கேள்வி ஆலிமுக்கு உரியது. "இது போதுமா?" என்ற கேள்வி ஆலோசகருக்கு உரியது. மதீனாவாசிகள் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தம் சேர்க்கும் வழக்கத்தை விட்டபோது விளைச்சல் குறைந்தது. அப்போது நாயகம் (ஸல்) அவர்கள், உலகக் காரியங்களை நீங்கள் நன்கறிந்தவர்கள் என்ற கருத்துப்பட அவர்களிடமே அதை விட்டு விட்டார்கள். நபியவர்களே அப்படிச் செய்திருக்க, நம்மைப் போன்றவர்கள் தெரியாத கணக்கில் தலையிட்டு, "போடுங்கள், பரக்கத் உண்டாகும்" என்று சொல்லத் துணியலாமா?

ஹலால் என்ற பெயரைக் கேட்டதும் மனம் இளகி விடுவது நம் சமுதாயத்தின் பலவீனமாகி விட்டது. பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் ஹலால் முதலீடு என்று சொல்லிப் பணம் திரட்டி, 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வீழ்ந்தது. பல்லாயிரம் பேர் பணத்தை இழந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஓய்வுப் பணத்தைக் கொடுத்தவர்களும், மகளின் நகையை விற்றுக் கொடுத்தவர்களும் கண்ணீரோடு வரிசையில் நின்றார்கள்.

இத்தனைக்கும் பிக்ஹு நூல்களில் உள்ள ஒரு சட்டத்தை அறிந்திருந்தால் நம்மவர் பலர் தப்பியிருப்பார்கள். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்கும் 'முளாரபா' வியாபாரத்தில் இலாபத்தைப் பங்கு வீதத்தில்தான் பேச வேண்டும். பாதிக்குப் பாதி, மூன்றில் ஒன்று என்பது போல. மாதம் இவ்வளவு ரூபாய் என்று நிச்சயிப்பது கூடாது. உழைப்பவரின் குற்றமின்றி நஷ்டம் வந்தால் அது முதல் போட்டவரைச் சாரும். ஆக, முதலுக்கும் உத்தரவாதம், மாதம் நூற்றுக்கு மூன்று நிச்சயம் என்று ஒருவர் சொன்னால், அதை முளாரபா என்று ஆலிம் ஒப்பமாட்டார். ஆண்டுக்கு நூற்றுக்கு 36 தரும் வியாபாரம் எது என்று கணக்கறிந்தவரும் ஒப்பமாட்டார். நம் சகோதரர் இந்த இருவரில் ஒருவரிடம் சரியாகக் கேட்டிருந்தாலும் அந்த 15 இலட்சம் தப்பியிருக்கும்.

இன்னொன்று. வெளியூரிலிருந்து சரக்குடன் வரும் வியாபாரக் கூட்டத்தை, அவர்கள் சந்தைக்கு வந்து விலை அறியும் முன்பே வழியில் சந்தித்துச் சரக்கை வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்று விட்டவர், சந்தைக்கு வந்து விலை தெரிந்ததும் பேரத்தை முறிக்க உரிமை உண்டு என்றும் கற்பித்தார்கள். ஓய்வு பெற்ற மூன்றாம் நாளே கதவைத் தட்டுகிறவர்களும், அரபு நாட்டில் 25 ஆண்டு பாடுபட்டுத் திரும்பியவர் பெட்டியை இறக்கும் முன்பே வந்து நிற்கிறவர்களும் வழிமறித்து வாங்குகிறவர்களே அன்றோ! ஆகவே பணம் வந்த முதல் மூன்று மாதங்கள் யாருக்கும் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று நிய்யத்து வைத்துக் கொள்ளுங்கள். அறியாமல் பாலிசியில் கையெழுத்துப் போட்டு விட்டாலும், பத்திரம் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்து விட இன்றைய சட்டத்தில் உரிமை இருக்கிறது. சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வரும். நம் சகோதரருக்கு இது தெரியாமல் போயிற்று.

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆலோசகரிடம் பேசும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். அந்த முதுமைப் பணத்தை நம்பிக் கடைசி வரை வாழப் போகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கணவர் விட்டுச் செல்வதில் மனைவியின் பங்கு எட்டில் ஒன்று. 30 இலட்சத்தில் அது 3 இலட்சத்து 75 ஆயிரம். நாமினி என்று பெயர் எழுதி விட்டதாலேயே வாரிசுரிமை மாறி விடாது. ஸஃது பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றுத் தம் சொத்தின் பெரும்பகுதியைத் தர்மமாக எழுதி வைக்க விரும்பியபோது, மூன்றில் ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதுவே அதிகம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதை விடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்றும் அறிவுறுத்தினார்கள். ஹயாத்தாக இருக்கும்போதே துணைவியாருக்கு என்ன ஏற்பாடு என்பதை ஆலிமிடமும் ஆலோசகரிடமும் கேட்டு முடித்து விடுவது கணவரின் கடமை.

ஜமாஅத் நிர்வாகிகளே! ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆண்டுதோறும் சிலர் ஓய்வு பெறுகிறார்கள். சிலர் அயல்நாட்டிலிருந்து திரும்புகிறார்கள். பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரை ஆண்டுக்கு ஒரு முறை அழைத்து, கட்டணத்தைப் பகிர்ந்து கொண்டு, அவர்கள் கேள்விகளைக் கேட்க ஒரு நாள் ஒதுக்கினால் என்ன? அழைக்கும்போது அவர் எதையும் விற்கக் கூடாது என்பதை முன்னரே பேசிக் கொள்ளுங்கள். பள்ளியில் எந்த முதலீட்டுத் திட்டத்தின் நோட்டீசும் ஒட்டப்படாமல் பார்த்துக் கொள்வதும் உங்கள் பொறுப்பே.

மஷ்வரா என்பது நம் மார்க்கத்தின் அழகிய பண்பு. குர்ஆனில் ஓர் அத்தியாயத்துக்கே 'ஷூரா' என்று பெயர் அமைந்திருக்கிறது. ஆனால் யாரிடம் மஷ்வரா செய்கிறோம் என்பதில்தான் அதன் பலன் இருக்கிறது. அடுத்த முறை எவரேனும் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், பணத்தைக் கொடுக்கலாமா?" என்று கேட்டால், "இது நமக்குத் தெரியாத பாதை, வாருங்கள், தெரிந்தவரிடம் போவோம்" என்று சொல்வதாக நாம் தீர்மானித்திருக்கிறோம். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

வல்ல ரஹ்மானே! எங்கள் இறுதிக் காலத்து ரிஜ்கை விசாலமாக்குவாயாக! பிறர் முன் கையேந்தும் நிலையிலிருந்து எங்களையும் எங்கள் வீட்டாரையும் காப்பாயாக! தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவை எங்களுக்குத் தந்தருள்வாயாக! இழந்து தவிக்கும் அந்தச் சகோதரருக்கு அதனினும் சிறந்ததைப் பகரமாக அளிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!